அறுபதுக்கு அறுபது

காபிக்குச் சீனி போதாவிட்டால் சொல்லுங்கள் தம்பி, இன்னொரு கரண்டி போடுகிறேன். இப்போது வீட்டில் சீனி இருக்கிறது. ஒன்றரை வருஷமாக இல்லை. சீனி டப்பாவில் ஏதோ வெள்ளை மாவு இருந்தது, தண்ணீரில் குலுக்கிக் குடிப்பதற்கு. கருமாதி முடிந்த மறுநாளே அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, கீழே கடைக்குப் போய் இரண்டு கிலோ சீனி வாங்கி வந்தேன். பயப்படாமல் குடியுங்கள். காபியில் எதையாவது கலக்குகிற வேலையெல்லாம் எனக்கு வராது.

போலீஸ்காரராக நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் வீட்டுக்காரருக்கு இருதயக் கோளாறு இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா. தெரிந்தே அந்த ஆட்டம் ஆடினார் என்றால் அவர் பாடு. தெரியாது என்றால், வயசானவரைக் கேட்டு விசாரிக்காமல் ஆடவிட்ட ஜிம்காரன் லியோனல் மாட்டுவான். அவனோ, "டாக்டர் ஓகே சொல்லிட்டாருன்னு ஆன்டிதான் சொன்னாங்க" என்கிறான். என் மகன் அருண், அவன் பொய் சொல்கிறான், ஜிம்மை இழுத்து மூட வேண்டும், ஆளை உள்ளே தள்ள வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து தினமும் உங்களுக்குப் போன் போடுகிறான். பதிலை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தையில் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், முகுந்தன் தம்பி. அதனால் உட்காருங்கள்.

அவர் பெயரை ஃபைலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டிய இடம் வரும் வரைக்கும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் செட்டியார் வீடுகளில் என் வயசுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கல்யாணமான புதிதில் "இங்க பாருங்க" என்று கூப்பிட்டேன், அருண் பிறந்த பிறகு "அருண் அப்பச்சி", அப்பாவை எங்களில் அப்படித்தான் சொல்வோம். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் அவருடைய அடையாள அட்டை ஐ.சி.யை எடுத்து நீட்டிவிடுவேன். இந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரை வாயால் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கிள்ளானில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. கடையைத் தன் தம்பி மகன் அழகுவிடம் கொடுத்துவிட்டு இந்த பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவுக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் நிஜமாகவே உட்கார்ந்தார். எழுந்தால் லிஃப்ட் சரியில்லை என்று மேனேஜ்மெண்டோடு சண்டை போடுவார், பிறகு மறுபடியும் உட்காருவார். தீபாவளிக்கு வந்த அருண் பார்த்துவிட்டு, "இது தொப்பை இல்ல அப்பச்சி, மைவி கார்" என்றான். இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம்மில் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துவிட்டுப் போனான். எனக்கும் சந்தோஷம்தான். காலையில் ஒரு மணி நேரம் ஆள் வீட்டில் இருக்க மாட்டார் அல்லவா.

அந்த ஜிம்மை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மாடியில். கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. கீழே தொப்பை வளர்க்கிறார்கள், மேலே கரைக்கிறார்கள். லியோனல் அந்தக் கடைக்காரருக்குக் கமிஷன் கொடுக்கிறானோ என்னவோ. தனியாக ஒரு மூலையில் நின்று கையைக் காலை ஆட்டுகிற ஜிம் இல்லை அது. இருபது பேர் சேர்ந்து, ஒரே நேரத்தில், பாட்டைக் காது கிழிய வைத்துக்கொண்டு, உயிர் போகிற வேகத்தில் குதிப்பார்கள். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிற்பார்கள், மறுபடியும் குதிப்பார்கள். இரும்புக் குண்டைத் தூக்குவார்கள், பெட்டி மேல் தாவுவார்கள், தடித்த கயிற்றைத் தரையில் அடிப்பார்கள். கயிறு என்ன பாவம் செய்தது என்று நான் கேட்டிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நியாயமான மனுஷி.

அவருக்குச் சர்க்கரை இறங்கியது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். குறட்டை நின்றது. இடுப்பில் வேட்டி நிற்க ஆரம்பித்தது. மேனேஜ்மெண்டோடு சண்டை போடுவதை விட்டார், லிஃப்ட் வேண்டாம் என்று படியேறப் போய்விட்டதால். கடைக் கல்லாவில் உட்கார்ந்து வாழ்நாள் பூராவும் யாரையும் நம்பாத மனுஷர், ஒரு கிராப் டாக்சி டிரைவர், ஒரு சீன டீச்சர், ஒரு மலாய் வக்கீல் எல்லோரோடும் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். தனியாக நடைப்பயிற்சிக்குப் போகச் சொன்னால் மழை, வெயில், புகை என்று நூறு சாக்குச் சொல்வார். இங்கே ஒரு நாள் போகாவிட்டால், "அங்கிள் எங்கே?" என்று பத்து பேர் மெசேஜ் போடுவார்கள். கூட்டத்துக்கு அந்தச் சக்தி உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

இப்போது கெட்டது. முழங்கால் போனது. தோள் பிசகியது. வீடு முழுக்கத் தைல வாசனை. அதுகூடப் பரவாயில்லை, என் சமையலறைக்குள் வந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிளகும் சோம்பும் கல்பாசியும் மணத்த சட்டியில் கோழியின் நெஞ்சுக் கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்தார். உப்பு கிடையாது. அதைத் தட்டில் பார்த்தால் பிரேதப் பரிசோதனை செய்த மாதிரி இருக்கும். மன்னிக்க வேண்டும், இந்த நேரத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. போன தீபாவளிக்கு நான் கை நோகச் சுட்ட மனகோலப் பலகாரத்தை டப்பாவோடு கொண்டுபோய்க் கீழே இருக்கும் நேப்பாளக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான். அவனாவது சாப்பிட்டான்.

அப்புறம் உற்சாகப்படுத்த ஆரம்பித்தார். இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அங்கே ஒருவரை ஒருவர் கத்தி உற்சாகப்படுத்துவது பழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் அரிசி மூட்டையைத் தூக்கினால் பக்கத்தில் நின்று, "கம் ஆன், கம் ஆன், இன்னும் ஒண்ணு லா!" என்பார். துணி காயப்போட்டால், "குட் ஜாப், தெய்வானை!" குழம்பு வைத்து முடித்துத் தட்டில் ஊற்றினால் வாயைத் திறக்க மாட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் என் குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. நன்றாக இல்லாத அன்றைக்குத்தான் சொல்வார். கடைசியில் என்னிடம் பாராட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தது நான் மூட்டை தூக்குவது ஒன்றுதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் முழங்கால் பட்டையை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு மாடியேறினேன். முதல் தடவையாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முதலில் முடித்தவர் உட்காரக் கூடாது. கடைசி ஆள் முடிக்கும் வரைக்கும் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று கைதட்ட வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆள் இவர். நாக்கு வெளியே வந்துவிட்டது, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். சுற்றி நின்று, அவர் பெயரைச் சுருக்கி மூன்றே எழுத்தில் கத்துகிறார்கள். மகன் வயசுப் பையன்கள்கூட. முடித்ததும் ஜானிஸ் என்று ஒருத்தி அவர் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். பிஜே பக்கம் பேங்கில் வேலை, சர்ச்சில் பாடுகிறவள், நாற்பது வயசிருக்கும், குரல் கணீரென்று இருக்கும். அவர் அழுதார், தம்பி. தேம்பித் தேம்பி. அவருடைய அப்பச்சி செத்தபோதுகூடக் கண் கலங்காத மனுஷர். நான் வாசலில் பட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், என்னை அவர் பார்க்கவே இல்லை.

பட்டையைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். கீழே கடையில் உட்கார்ந்து, இலை போட்டு, மீன் பொரியலோடு நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கு அப்போது கோபம் என்று சொல்ல முடியாது. பசிதான் இருந்தது.

மேலே ஜிம்மில் இன்னொன்றும் கவனித்திருந்தேன். கெட்டதிலேயே பெரிய கெட்டது அதுதான். தனியாக நடக்கிறவனுக்கு உடம்பு சொல்வது காதில் விழும். முட்டி வலித்தால் நிற்பான், மூச்சு வாங்கினால் உட்காருவான். கைதட்டும் கூட்டத்தின் நடுவில் அது எதுவும் விழாது. லியோனல் நல்ல பையன். யாராவது முகம் வெளுத்தால், "மெதுவா, மெதுவா" என்று கையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தான். அவன் ஒருத்தன் மெதுவா என்றால் பத்தொன்பது பேர் கம் ஆன் என்கிறார்கள். இதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். அப்போது எதற்கும் இல்லை, சும்மாதான்.

ஜானிஸ் ஒரு தடவை இந்த வீட்டுக்கும் வந்தாள், ஏதோ பொடி டப்பா கொடுக்க. வாசலில் என் செருப்பைப் பார்த்தாள். "அக்கா, உங்க கால் என்ன சைஸ்? எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான் போல" என்று சொல்லிக்கொண்டே என் செருப்புக்குள் காலை விட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவர் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு துணிச்சலாக என் செருப்பைப் போட்டுப் பார்க்கிறவள் நாளைக்கு என் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள் என்று தோன்றியது. அந்தச் செருப்பை நான் அப்புறம் போடவில்லை.

இனி போன் விஷயம்.

அறுபது வயசு முடிகிறது என்று அருண் அவரை பிஜேயில் ஒரு கிளினிக்கில் முழுச் சோதனைக்கு அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஏற்பாடு உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் அவர் என் போன் நம்பரைத்தான் கொடுப்பார். ரிப்போர்ட்டை நான் கேட்டு, அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு சொல்வேன். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தால், "கொஞ்சம் கூடுதலாம்" என்று சொல்லிவிட்டு நானே காபியில் சீனியைக் குறைத்துவிடுவேன். முழுசாகச் சொன்னால் படுத்துவிடுவார், பயந்தாங்கொள்ளி. அப்படித்தான் அவரை இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தேன்.

போனில் டாக்டரே பேசினார். "அங்கிள் ஹெவி எக்சர்சைஸ் ஏதும் பண்றாரா ஆன்டி? உடனே நிறுத்தச் சொல்லுங்க. நடக்கலாம், அதோட சரி. இந்த வாரமே கூட்டிட்டு வாங்க, ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிற மாதிரி தெரியுது. லேட் பண்ணாதீங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

அவர் குளியலறையிலிருந்து வந்து, "யாரு?" என்றார்.

"கிரெடிட் கார்டு விக்கிறவன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். மறுநாள் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று, "ஜானிஸ் சொல்றா, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆளோட உடம்பாம்" என்றார். அதனால் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் மனகோலம் ஞாபகம் வந்தது. இப்படியே தள்ளிப்போனது. கிளினிக்கிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள், ஊருக்குப் போயிருக்கிறோம் என்றேன்.

இடையில் அவரே இரண்டு தடவை இடது கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, "தாடை வரைக்கும் இழுக்குது தெய்வானை, என்னன்னு தெரியல" என்றார். "வாயு" என்றேன். நம் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். நெஞ்சு வலித்தாலும் வாயு, முதுகு பிடித்தாலும் வாயு, டாக்டருக்குப் படித்தவன்கூடத் தன் வீட்டில் அதைத்தான் சொல்கிறான். சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், பெருங்காயம் தட்டி. குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். "கரெக்டா சொன்ன, வாயுதான்" என்றார். என் கைப்பக்குவத்தை அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

பிறந்த நாள் நெருங்கியது. ஜிம்மில் அதற்கும் ஒரு வழக்கம். யாருக்குப் பிறந்த நாளோ அவர் தன் வயசு எத்தனையோ அத்தனை பர்ப்பி போட வேண்டும். பர்ப்பி என்றால் வேறொன்றுமில்லை, கோயிலில் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுகிறோமே, அப்படி விழுந்து, எழுந்த வேகத்தில் கையைத் தூக்கிக் குதிப்பது. சாமிக்குக்கூட நாம் இவ்வளவு செய்வதில்லை. இருபது வயசுப் பையனுக்கு இருபது. இவருக்கு அறுபது.

லியோனல் எனக்குப் போன் பண்ணினான். "ஆன்டி, அங்கிளுக்கு பாதி போதும் லா. முப்பது போட்டுட்டு கேக் வெட்டிடலாம். இந்த வயசுல ரிஸ்க் வேணாம்."

"அவருக்குப் பாதி எதுவும் பிடிக்காது தம்பி. அறுபதாம் கல்யாணத்த பாதியில நிறுத்துவாங்களா?"

"செக்கப் போனாருன்னு சொன்னாரே. டாக்டர் என்ன சொன்னாரு? ஓகேதானா?"

"எல்லாம் ஓகே. நாப்பத்தஞ்சு வயசு உடம்பாம்."

ஆக, லியோனல் உங்களிடம் சொன்னது உண்மை. அருணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அழுவான்.

சொந்தக்காரர்களை அழைத்தது நான்தான். காலையில் ஜிம், அங்கிருந்து நேராகக் கோயில், கலசாபிஷேகம், தாலி கட்டு, சாப்பாடு. இப்படி ஒரு அறுபதாம் கல்யாணம் மலேசியாவிலேயே நடந்திருக்காது என்று எல்லோருக்கும் ஒரே குஷி. கிள்ளானிலிருந்து மூன்று வேன், அருண் மட்டும் சிங்கப்பூரிலிருந்து நேராகக் கோயிலுக்கு. பட்டுப் புடவைக்காரிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ரப்பர் தரையில் நெளிந்துகொண்டு நிற்கிறார்கள், பக்கத்தில் அரை டிராயர் போட்ட கூட்டம். கோயிலுக்குச் சொல்லியிருந்த மேளக்காரர்களையும் முதலிலேயே இங்கே வரவழைத்தேன். தவில் பக்கிரிசாமி அண்ணன், "எங்கம்மா உட்கார்றது?" என்று கேட்டுவிட்டு, தாவுகிற பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கைதட்ட இருபது பேர் போதாது என்று நூறு பேரைக் கூட்டினேன்.

அன்றைக்கு விடிந்ததும் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"ஒரு மாதிரி அமுக்குது தெய்வானை. கோயிலோட நிறுத்திக்கலாமா?"

"வாயு. நேத்து பருப்பு வடை ரெண்டு உள்ள போச்சுல்ல."

"அதான் போல."

"கிள்ளான்லேர்ந்து எல்லாரும் கிளம்பியாச்சு. மேளம் வந்தாச்சு. இப்ப வேணாம்னா என்ன நெனப்பாங்க?"

யோசித்தார். மேளம் வந்தாச்சு என்றால் எங்கள் ஆட்களுக்கு மேற்கொண்டு பேச்சு கிடையாது. எழுந்து அந்த டிராயரைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறக்கப் போனவர் நின்று, "நீயும் பக்கத்துல நிப்பியா?" என்றார்.

"நிப்பேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்" என்றேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். விழுவார், எழுவார், குதிப்பார். கூட்டம் எண்ணியது. தமிழ், சீனம், மலாய், இங்கிலீஷ் எல்லாம் கலந்து. சின்னப் பிள்ளைகள் கூடவே குதித்தன. பக்கிரிசாமி அண்ணன் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு தட்டுத் தட்டினார். பாதியைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. நாற்பதைத் தாண்டியதும் நின்றுவிட்டார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தலை தொங்கிப்போய். முகம் சாம்பலாகிவிட்டது.

லியோனல் உடனே குறுக்கே வந்தான். "போதும் அங்கிள்! என்னஃப் லா! எல்லாரும் கை தட்டுங்க, முடிஞ்சிருச்சு!"

எண்ணிக்கை நின்றது. தவிலும் நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். லியோனலைப் பார்க்கவில்லை, ஜானிஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். போதும் என்று நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா?

நான் இரண்டடி முன்னால் போனேன். கையைத் தட்டினேன்.

"நாச்சி" என்றேன். "இன்னும் ஒண்ணு."

 என் நாத்தனார், "அடி ஆத்தாடி! தெய்வானை பேர் சொல்லிட்டா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு, விசில். சொந்தக்காரர்களும் டிராயர்க்காரர்களும் சேர்ந்து, "நாச்சி! நாச்சி!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம்!" என்றார். பக்கிரிசாமி அண்ணன் வெளுத்து வாங்கினார். லியோனல் என்னவோ கத்தினான், வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கீழே விழுந்தார்.

எழவில்லை. குப்புறக் கிடந்தார், இரண்டு கையையும் நீட்டி, கோயிலில் கிடப்பது மாதிரியே. கும்பிடுகிறார் என்று நினைத்து எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கெட்டிமேளத்தை யாராவது கை காட்டி நிறுத்த வேண்டும், யாரும் காட்டவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் ஓடியவள் ஜானிஸ். அவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். லியோனல் வாயோடு வாய் வைத்து ஊதினான். நான் கைதட்டுவதை நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை மறைத்தவள் நான், லியோனலிடம் பொய் சொன்னவள் நான், நிற்கப் போன மனுஷரை மறுபடியும் விழவைத்தவள் நான்.

லியோனலை விட்டுவிடுங்கள். அவன் மேல் இருக்கிற பாசத்தில் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷமாக இந்த வீட்டில் நான் செய்த எந்தக் காரியத்துக்கும் எனக்குப் பேர் கிடைத்ததில்லை. இதையும் இன்னொருத்தன் கணக்கில் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

இருந்தாலும் நேற்றுவரை உங்களிடம் சொல்வதாக இல்லை. நேற்று சாயங்காலம் லியோனலும் ஜானிஸும் வந்தார்கள். ஜானிஸ் இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணெல்லாம் வீங்கிப்போய், ஒரு அட்டைப் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"இதை அங்கிள் கோயில்ல வெச்சுக் கொடுக்கிறதா இருந்தாரு அக்கா. சர்ப்ரைஸ்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அன்னிக்கு உங்க செருப்பைப் போட்டுப் பார்த்தேனே, இதுக்குத்தான்."

உள்ளே ஒரு ஜோடி ஓடுகிற சப்பாத்து. பெண்கள் சப்பாத்து, ஊதா நிறம். அதன் மேல் அவர்கள் ஜிம் சட்டை ஒன்று, முதுகில் பெரிய எழுத்தில் தெய்வானை என்று அச்சடித்து. தம்பதிகளுக்கு என்று சனிக்கிழமை வகுப்பு ஒன்று இருக்கிறதாம். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லி வைத்திருந்தாராம். "தெய்வானை வந்துட்டா நான் கடைசி ஆளா வந்தாலும் கவலையில்ல, அவ நிப்பா" என்று லியோனலிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

அவர்கள் போன பிறகு போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது. பாருங்கள், இப்போதும் காலில்தான் இருக்கிறது, நீங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க இதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனசு ஆறவில்லை தம்பி. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். டாக்டர் போன் பண்ணிய அன்றைக்கே நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். வாயே திறக்கவில்லை அவர். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள், முப்பத்து நாலு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திவிட்டு, கட்டின பெண்டாட்டியிடம் ஒரு விஷயத்தை இப்படி மறைக்கலாமா?